யூதிஃப்ரோவுக்கு நேரமில்லை



இந்த வாரச் சிந்தனையில் வேதாகமத்தில் பெயர் குறிப்பிடப்படாத ஒரு மனிதரைப் பற்றி எழுதப் போகிறேன். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் மரித்தவர் அவர். மோசேயின் நியாயப்பிரமாணத்தை அறியாதவர். கிரேக்கருடைய தெய்வங்களுக்குப் பலியிட்டவர். "சபையாருக்கு எழுதும் இடத்தில் சாக்ரடீசுக்கு என்ன வேலை?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். தாராளமாகக் கேளுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு வேதபாட வகுப்பில் சவுல் ராஜாவின் கீழ்ப்படியாமையைக் குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம். அமலேக்கியரைக் குழந்தைகள் உட்பட ஒருவரையும் விடாமல் அழிக்கும்படி சவுலுக்குக் கட்டளை பிறக்கிறது. அவனோ ராஜாவையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிடுகிறான். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கையை உயர்த்தி, "ஐயா, சவுல் ஆடுகளை விட்டது தவறு என்கிறீர்கள். பால்குடிக்கும் பிள்ளைகளைக் கொன்றது தவறில்லையா? தேவன் சொன்னதால் அது நல்லதாகிவிடுமா?" என்று கேட்டார். வகுப்பு அமைதியானது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "தம்பி, இப்படிப்பட்ட கேள்விகள் விசுவாசத்தைக் கெடுக்கும். தேவன் சொன்னால் அது சரி, அவ்வளவுதான்" என்று சொல்லி ஜெபத்தோடு வகுப்பை முடித்தேன். அதற்குப் பின் அவர் வகுப்புக்கு வரவில்லை. (இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.)

அன்று இரவு உறக்கம் வரவில்லை. தம்பியின் கேள்வியை வேறெங்கோ கேட்டிருக்கிறேன் என்று மனம் சொல்லிக்கொண்டேயிருந்தது. இறையியல் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கி, பின்னர் பெட்டிக்குள் போய்விட்ட ஒரு நூலைத் தேடி எடுத்தேன். பிளேட்டோ எழுதிய உரையாடல்களின் தொகுப்பு அது. முதல் உரையாடலின் பெயர் 'யூதிஃப்ரோ'. அதில்தான் அந்தக் கேள்வி இருந்தது. கேட்டவர் சாக்ரடீஸ். கேட்கப்பட்டவர் பக்தியில் தேர்ந்தவர் என்று தம்மைத்தாமே எண்ணிக்கொண்ட ஒரு மனிதர்.

சாக்ரடீஸ் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.மு. 470ஐ ஒட்டி அத்தேனே பட்டணத்தில் பிறந்தவர். தகப்பன் சொஃப்ரோனிஸ்கஸ் கல்தச்சர். தாய் ஃபைனரீட்டி மருத்துவச்சி. தாம் செய்வதும் தாயின் தொழிலே, தமக்கென்று பிள்ளையில்லை, பிறர் மனத்தில் கருக்கொண்டதை வெளியே கொண்டுவர உதவுவதே தம் வேலை என்று அவர் சொல்வதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அவர் ஒரு நூலும் எழுதவில்லை. நாம் அவரை அறிவது பிளேட்டோ, செனபோன் என்னும் இரு மாணவர்களின் எழுத்தாலும், அவரை மேடையில் கேலி செய்த அரிஸ்டோஃபனிஸின் நாடகத்தாலும்தான். போர்வீரராகப் பொட்டிடேயா, டீலியம், ஆம்பிபொலிஸ் ஆகிய இடங்களில் பணியாற்றியவர். பனிக்காலத்திலும் வெறுங்காலோடு நடந்தவர். மற்ற நேரமெல்லாம் சந்தைவெளியில் நின்று, வருகிறவர் போகிறவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பணம் வாங்கவில்லை, அதனால் வறுமை அவர் வீட்டைவிட்டு நீங்கவுமில்லை.

அவருடைய நண்பர் ஒருவர் தெல்ஃபி கோவிலுக்குப் போய், சாக்ரடீசைவிட ஞானமுள்ளவர் உண்டா என்று குறிகேட்டார். இல்லை என்று பதில் வந்தது. நாமாயிருந்தால் அதைச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருப்போம். சாக்ரடீசோ அது எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று சோதிக்கப் புறப்பட்டார். அரசியல் தலைவர்களிடம் போனார், கவிஞர்களிடம் போனார், கைவினைஞர்களிடம் போனார். கைவினைஞர்களுக்குத் தங்கள் தொழில் தெரிந்திருந்தது. ஆனால் அது தெரிந்ததாலேயே மற்ற எல்லாமும் தெரியும் என்று எண்ணிக்கொண்டார்கள். தமக்குத் தெரியாததைத் தெரியும் என்று எண்ணாமலிருப்பது ஒன்றே தமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு என்ற முடிவுக்கு வந்தார். பிரசங்க பீடத்தில் முப்பது நிமிடம் எவரும் குறுக்கிடாமல் பேசப் பழகிய எனக்கு இந்தப் பகுதியை வாசிப்பது எளிதாக இல்லை.

இனி யூதிஃப்ரோவுக்கு வருவோம். சமய வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியின் மண்டபத்துக்கு வெளியே இருவரும் சந்திக்கிறார்கள். சாக்ரடீஸ் வந்திருப்பது தம்மேல் தொடுக்கப்பட்ட வழக்குக்காக. யூதிஃப்ரோ வந்திருப்பது தன் சொந்தத் தகப்பன்மேல் கொலைவழக்குத் தொடுப்பதற்காக. நடந்தது இதுதான். அவர்களுடைய நிலத்தில் வேலைசெய்த கூலியாள் ஒருவன் குடிவெறியில் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிட்டான். தகப்பன் அந்தக் கூலியாளின் கைகால்களைக் கட்டி ஒரு பள்ளத்தில் போட்டுவிட்டு, அவனை என்ன செய்வது என்று சமய முறைகளை அறிந்தவரிடம் கேட்டுவர ஆள் அனுப்பினார். ஆள் திரும்பி வருமுன் அவன் பசியாலும் குளிராலும் இறந்துபோனான்.

இந்த வழக்கின் அவலத்தைக் கவனியுங்கள். பக்தியோடு நடந்துகொள்வது எப்படி என்று விசாரிக்க ஆள் போயிருக்கிறான். அதற்குள் பள்ளத்தில் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான். தகப்பனுக்கு அவனைக் குறித்துக் கவலையில்லை. மகனுக்கோ வழக்குத் தொடுப்பதுதான் பக்தி என்பதில் துளியும் சந்தேகமில்லை. தெய்வங்களே தம் தகப்பன்மாரைத் தண்டித்திருக்கிறார்கள் என்று புராணக் கதைகளை ஆதாரம் காட்டுகிறான். ஒருவேளை அவன் செய்தது சரியாகக்கூட இருக்கலாம்; இறந்தவன் கூலியாள் என்பதற்காக நீதி கேட்காமல் விடக்கூடாது என்று அவன் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அவனுடைய நிச்சயம்தான் சாக்ரடீசை நிறுத்துகிறது. பக்தி என்றால் என்ன என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரியுமானால், எனக்கும் கற்றுக்கொடு என்கிறார்.

யூதிஃப்ரோ பல விடைகள் சொல்கிறான். ஒவ்வொன்றும் கேள்விக்கு முன் நிற்கவில்லை. இடையில், தெய்வங்களுக்குப் பிரியமானதே பக்தி என்கிறான். அப்போது சாக்ரடீஸ் கேட்பதன் சாரம் இது: நல்லது என்பதால் தெய்வங்கள் அதை நேசிக்கின்றனவா, அல்லது தெய்வங்கள் நேசிப்பதால்தான் அது நல்லதாகிறதா? கேள்வி பற்பல வடிவங்களில் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஒரு புதன்கிழமை மாலை நம் சபைக்கும் வந்து சேர்ந்தது. தெய்வம் நேசிப்பதால் மட்டுமே ஒன்று நல்லதாகிறது என்றால், 'தேவன் நல்லவர்' என்று நாம் பாடுவதற்குப் பொருள் இல்லாமல் போகும். நல்லது என்பதால் அவர் நேசிக்கிறார் என்றாலோ, தேவனுக்கு மேலாக ஓர் அளவுகோல் நிற்பதுபோல் ஆகிவிடும். சபையின் வேதசாஸ்திரிகள், குறிப்பாகத் தாமஸ் அக்வினாஸ் போன்றோர், இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டார்கள்: நன்மை தேவனுக்கு வெளியே உள்ள சட்டமுமல்ல, அவர் நினைத்தபடி மாற்றும் ஆணையுமல்ல, அது அவருடைய இயல்பு. இந்த விடையை நான் கல்லூரியில் தேர்வுக்காக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வகுப்பில் தம்பி கேட்டபோது அது என் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் குழந்தைகளைப் பற்றிய அவர் கேள்வி தீர்ந்திருக்காது.

உரையாடலின் முடிவு எப்படி என்று நினைக்கிறீர்கள்? யூதிஃப்ரோ விடை சொல்லவில்லை. தான் தோற்றதாகவும் ஒப்புக்கொள்ளவில்லை. தனக்கு அவசர வேலையிருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறான். அவனிடம் கைக்கடிகாரம் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

சாக்ரடீசின் வழக்கு கி.மு. 399இல் நடந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் மெலீட்டஸ், அனீட்டஸ், லைகோன் என்னும் மூவர். பட்டணத்தின் தெய்வங்களை ஏற்காமல் புதிய தெய்வீகங்களைப் புகுத்துகிறார், வாலிபரைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். ஏறத்தாழ ஐந்நூறு குடிமக்கள் நடுவர்களாக அமர்ந்தார்கள். முப்பது பேர் மறுபக்கம் வாக்களித்திருந்தால் விடுதலையாகியிருப்பார் என்று பிளேட்டோ குறிப்பிடுகிறார். அவரைக் குற்றவாளியாக்கியவர்கள் கொடியவர்கள் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. ஸ்பார்ட்டாவிடம் போரில் தோற்று, முப்பது கொடுங்கோலரின் ஆட்சியில் இரத்தம் சிந்தி, அப்போதுதான் குடியாட்சியை மீட்டெடுத்த பயந்த ஜனங்கள் அவர்கள். அந்தக் கொடுங்கோலருக்குத் தலைவனான கிரிட்டியஸ் ஒரு காலத்தில் சாக்ரடீசோடு பழகியவன் என்பது அவர்கள் மனத்தில் இருந்தது. ஆனால் அதே கொடுங்கோலர் சலமிஸ் தீவின் லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொன்னபோது, மற்ற நால்வர் போக, சாக்ரடீஸ் மட்டும் தம் வீட்டுக்குத் திரும்பினார். அதற்கு முன், கி.மு. 406இல், கடற்படைத் தளபதிகளை ஒரே வாக்கெடுப்பில் கூட்டாகத் தண்டிக்க ஜனங்கள் கூச்சலிட்டபோது, அது சட்டவிரோதம் என்று எதிர்த்து நின்றவரும் அவரே. அன்று ஜனங்கள் கேட்கவில்லை. தளபதிகளில் ஆறுபேர் கொல்லப்பட்டார்கள். கேள்வி கேட்கிறவர்கள் கலகக்காரர் என்று நாம் நினைக்கிறோம். அத்தேனேயில் கூட்டத்தின் கலகத்துக்கு உடன்படாமல் நின்றவர் அந்தக் கேள்விக்காரர்தான்.

இப்போது அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பவுல் அதே பட்டணத்துக்கு வருகிறார். ஜெபஆலயத்தோடு நிற்காமல், நாள்தோறும் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு சம்பாஷிக்கிறார். லூக்கா அங்கே பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல், சாக்ரடீசின் உரையாடல் முறைக்குப் பிளேட்டோவும் செனபோனும் பயன்படுத்திய அதே சொல்தான். கேட்டவர்களில் சிலர், இவன் அந்நிய தெய்வங்களை அறிவிக்கிறவன் என்கிறார்கள்; சாக்ரடீஸ்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டின் எதிரொலி அது. கிரேக்கம் படித்த எந்த வாசகரும் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. லூக்கா வேண்டுமென்றே அப்படி எழுதினார் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நானும் அந்தப் பக்கமே நிற்கிறேன். மார்ஸ் மேடையில் பவுல் அவர்களுடைய புலவர்களையே சான்றுக்கு அழைக்கிறார். அவர்களில் ஒருவரான அராட்டஸ், பவுலின் சொந்த நாடாகிய சிலிசியாவைச் சேர்ந்தவர். இன்னொன்றையும் பாருங்கள். இதே அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில், பவுல் சொன்னவை உண்மைதானா என்று தினந்தோறும் வேதத்தை ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை லூக்கா மெச்சுகிறார். அப்போஸ்தலரையே சோதித்துப் பார்த்தவர்களை அவர் நற்குணசாலிகள் என்கிறார்.

"கொலோசெயர் 2:8இல் லௌகிக ஞானத்தைக் குறித்து எச்சரிக்கை இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. அங்கே மூலமொழியில் 'ஃபிலொசொஃபியா' என்ற சொல்லே நிற்கிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அச்சொல் வரும் ஒரே இடம் அது. ஆனால் பவுல் எச்சரிப்பது, வெறுமையான ஏமாற்றுப் போதனை ஒன்று வந்து சபையாரைக் கொள்ளைகொண்டு போய்விடாதபடிக்கு. சோதித்துப் பார்க்கத் தெரியாத சபையைத்தானே அப்படிப்பட்டவர்கள் எளிதாகக் கொள்ளைகொள்ள முடியும்? கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் தீர்க்கதரிசனங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மாணவனின் நேர்மையான கேள்வியைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அச்சம் இடம் மாறி அமர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆதிச்சபையில் இதைக் குறித்து ஒருமித்த கருத்து இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், அத்தேனேக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். (அதுவும் ஒரு கேள்விதான்!) அவருக்கு முன் வாழ்ந்த யுஸ்தீன் வேறு விதமாகப் பார்த்தார். தத்துவஞானியாயிருந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பின்னும் ஞானிகளுக்குரிய மேலங்கியைக் களையாதவர் அவர். நித்திய வார்த்தையாகிய கிறிஸ்துவின் வித்து எல்லா மனிதரிலும் விதைக்கப்பட்டிருக்கிறது. அந்த வார்த்தைக்கேற்ப வாழ்ந்த சாக்ரடீஸ் போன்றோர், நாத்திகர் என்று எண்ணப்பட்டாலும், கிறிஸ்தவர்களே என்று எழுதத் துணிந்தார். அந்தக் கடைசி வரிக்கு நான் உடன்படத் தயங்குகிறேன். ஆனால் யுஸ்தீன் இன்னொன்றும் எழுதினார்: சாக்ரடீசை நம்பி அவர் போதனைக்காக உயிரைக் கொடுத்தவர் எவருமில்லை, கிறிஸ்துவுக்காகவோ ஞானிகள் மட்டுமல்ல, கைத்தொழிலாளரும் கல்லாதவரும் மரணத்தை அசட்டை செய்தார்கள் என்று. அவரே சுமார் கி.பி. 165இல் ரோமாபுரியில் இரத்தசாட்சியாக மரித்தார்.

சாக்ரடீசின் மரணத்திலும் நான் அவரைப் பின்தொடராத இடம் ஒன்றுண்டு. தீர்ப்புக்குப் பின், டீலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை தண்டனை தள்ளிப்போனது. கிரிட்டோ என்னும் நண்பர் தப்பிக்க வழிசெய்தார்; சாக்ரடீஸ் மறுத்தார். கடைசி நாளில், கைக்குழந்தையோடு அழுத மனைவி சாந்திப்பியைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நண்பர்களோடு ஆத்துமாவின் அழியாமையைக் குறித்துப் பேசிக்கொண்டிருந்தார். மாலையில் பிள்ளைகள் மூவரையும் வீட்டுப் பெண்களையும் பார்த்துச் சில சொற்கள் சொன்னார். பின்பு ஹெம்லாக் என்னும் நச்சுச்செடியின் சாற்றை நடுக்கமின்றிக் குடித்தார். அழுத நண்பர்களைக் கடிந்துகொண்டார். புதிய ஏற்பாட்டு அறிஞர் ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் இந்த மரணத்தையும் நம் ஆண்டவரின் மரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கெத்செமனேயில் நம் ஆண்டவர் அமைதியாயிருக்கவில்லை. திகிலடைந்தார், வியாகுலப்பட்டார், தம்மோடு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கெஞ்சினார். மரணம் சாக்ரடீசுக்கு ஒரு விடுதலை. வேதத்துக்கோ அது கடைசிச் சத்துரு. லாசருவின் கல்லறையில் கண்ணீர்விட்டவர், சிலுவையில் தொங்கியபோது அழும் தாயை அனுப்பிவிடாமல் சீஷனிடத்தில் ஒப்புவித்தார். மரணவீடுகளில் முப்பது ஆண்டுகளாக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாந்திப்பியின் அழுகைக்குச் சாக்ரடீசிடம் இடமில்லை, கிறிஸ்துவிடம் இருக்கிறது.

அந்தச் சிலுவையிலும் நம் ஆண்டவர் ஒரு கேள்வி கேட்டார். ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கேள்வி. எவரும் அதை விசுவாசக் குறைவு என்று சொல்லத் துணியமாட்டோம்.

இரண்டு வாரங்களுக்கு முன் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவருடைய தாயார் காபி கொடுத்துவிட்டு, "இவன் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் ஐயா, சும்மா இருக்கமாட்டான்" என்று எனக்காக வருத்தப்பட்டார்கள். நான் தம்பியோடு ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தை வாசித்தேன். சோதோமுக்காக ஆபிரகாம் தேவனிடமே நேருக்குநேர் கேட்கிறார்: உலகத்துக்கெல்லாம் நியாயாதிபதியாயிருப்பவர் நீதிசெய்யாமலிருப்பாரோ என்று. ஐம்பதில் தொடங்கிப் பத்துவரை இறங்குகிறார். கர்த்தர் ஒருமுறையும் 'கேட்காதே' என்று சொல்லவில்லை. பிறகு யோபு 42:7க்குப் போனோம். தேவனுக்காக வாதாடி, எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்த மூன்று சிநேகிதர்மேல்தான் கர்த்தருக்குக் கோபம் வந்தது. தேவனோடு வழக்காடிய யோபைக் குறித்து, அவனே நிதானமாய்ப் பேசினான் என்கிறார். நான் அந்த மூவரோடு அமர்ந்திருந்தவன் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். சற்றுநேரம் கழித்து, "அப்படியென்றால் ஐயா, அமலேக்கியர் பிள்ளைகளுக்காக ஏன் ஒருவரும் ஆபிரகாமைப்போல் கேட்கவில்லை?" என்றார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. இல்லை என்றே சொன்னேன். வரும் புதன்கிழமை வேதபாடத்துக்கு அவர் வருகிறார். 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை மீண்டும் முதலிலிருந்து எடுக்கிறோம். முன்னதாகவே வாசித்துவிட்டு வாருங்கள். இம்முறை கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.